மீன் இல்லாத ஞாயிறு

வலன்ரைனைப் பார்த்தால் வில்லும் அம்புமாகத் திரிகிற ஆள் என்று சத்தியம் செய்து சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஐம்பது தாண்டிய மெலிந்த மனிதர். தடித்த கண்ணாடி. குளிரோ வெயிலோ, தலையை விட்டு இறங்காத ஒரு மண்ணிறக் கம்பளித் தொப்பி. மொன்றியலில் வில்லரேப் பக்கம் ஒரு பழைய மாடிவீட்டின் பேஸ்மென்றில் இருந்தார். சபனெல் தெருவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில், தைத்து வருகிற காற்சட்டைகளுக்கு நீராவி இஸ்திரிக்கை போடுகிற வேலை. ஊரில் அவர் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சைக்கிள் கடையில் கோணிய சில்லுகளை நேராக்கிக்கொண்டிருந்தவர். ஆனால் வேதக்காரர், மீன் பிடிக்கிறவர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் சனத்துக்கு வேறு விபரம் தேவையில்லை. "கரையூர்ப் பக்கமோ?" என்று மீனவர் ஊரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுமொழி வர முன்னமே தலையாட்டிக்கொள்வார்கள். வள்ளத்தில் ஏறினால் சத்தியெடுக்கிற மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! அவர் திருத்தப் போனதில்லை. ஒருவரைத் திருத்துவதற்கும் கொஞ்சம் நெருக்கம் வேண்டியிருக்கிறது.

நெருக்கம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. இரண்டு தங்கச்சிமாரையும் கரைசேர்த்து முடிக்க அவருடைய வயது போய்விட்டது. ஒருத்தி பாரிஸில், மற்றவள் லண்டனில். அவரவர் பாடு அவரவருக்கு. வெள்ளிக்கிழமை வேலை விட்டு அறைக்கு வந்தாரென்றால் திங்கள் காலைவரை அவர் வாயால் வருவது தெருமுனை டெப்பனர் கடையில் சொல்கிற ஒரு பொன்ஜூரும் ஒரு மெர்சியும்தான். சனி பின்னேரம் பூசைக்குப் போவார்; அங்கே சுவாமியோடு கதைக்கலாம், சுவாமி திருப்பிக் கதைக்கமாட்டார். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. சுத்தப் பொய். அது ஒருநாளும் பழகவில்லை.

அந்த வீட்டின் மேல்மாடியில் ஒருகாலம் விமலநாதன் குடும்பம் இருந்தது. விமலநாதன், மனைவி கௌரி, கைக்குழந்தையாக ஆர்த்திகா. விமலநாதனுக்குப் பிளாஸ்ரிக் போத்தல் செய்கிற இடத்தில் வேலை. வலன்ரைனைவிட நாலைந்து வயது இளையவர். குப்பை வைக்கப் போகும்போது இரண்டு பேரும் படியடியில் சந்தித்தால் குப்பை லொறி வந்து போய்விடும், கதை முடியாது. பெரிய விஷயமெல்லாம் இல்லை. மொன்றியல்காரர் ஏன் ஒரே தெருவை ஒவ்வொரு வருடமும் கிண்டுகிறார்கள், சைக்கிள் சில்லுக் கம்பி எந்தப் பக்கத்தில் முதலில் இளகும், இப்படித்தான். உண்மையில் கதைத்தது வலன்ரைன்தான். விமலநாதன் சுவரில் சாய்ந்து நின்று, பிறகு என்ன என்பதுபோல "பேந்து?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே வலன்ரைனுக்கு அடுத்த கதை வந்துவிடும். வேறெங்கும் வாய் திறக்காத மனிதர் அந்தப் படியடியில் வாயாடியானார்.

பிறகு அவர்கள் நகரத்துக்கு மேற்கே டொலார்டில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். கோயிலுக்குக் கிட்ட, பின்வளவோடு நல்ல வீடு. வலன்ரைன் தானே தளபாடங்களைத் தூக்கி ஏற்றி அனுப்பிவைத்தார். அன்றுதான் தொடங்கியது சிக்கல்.

மேல்மாடிக்குப் போகக் காரணம் தேவையில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் கார் ஓடி ஒரு வீட்டுக்குப் போவதென்றால், அதுவும் குடும்பக்காரர் வீட்டுக்கு ஒரு தனிக்கட்டை போவதென்றால், கையில் ஏதாவது இருக்கவேண்டும். கையை வீசிக்கொண்டு போய் நிற்பது மரியாதையில்லை. வலன்ரைன் முதல்முறை ஒரு பெட்டி மாம்பழமும் பிஸ்கட் ரின்னும் கொண்டுபோனார். கௌரி பிடித்து ஏசினாள். "என்ன அண்ணை இது? நீராவியில வெந்து உழைக்கிற காசை இப்பிடிக் கொட்டுறதோ? கடையில வாங்கிக்கொண்டு வாறதெண்டால் வராதேங்கோ." அவள் பாசத்தில் சொன்னாள். இவர் சட்டமாக எடுத்துக்கொண்டார். வாங்கிக்கொண்டும் போகக்கூடாது, வெறுங்கையோடும் போகக்கூடாது. மூளையைப் போட்டு உடைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு வீட்டிலேயே இருந்தார்.

வழி ரேயாலிடமிருந்து வந்தது. ரேயால் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைத் திருத்துகிறவன். பெரிய வயிறும் பெரிய சிரிப்புமுள்ள கியூபெக்காரன். வசந்தத்தில் ஆறு பெருகிக் கரையோரப் புல்வெளிகளில் ஏறும்போது, முட்டையிடுவதற்காகக் கார்ப் மீன்கள் அந்த முழங்கால் தண்ணீருக்குள் வந்து புரளும். தூண்டிலைக் கண்டுகொள்ளாது. ரேயால் அவற்றை வில்லால் எய்து பிடிப்பான். ஒருநாள் பேச்சுத் துணைக்கு வலன்ரைனையும் மொன்றியலுக்கு வெளியே வோத்ரேய்ப் பக்கம் கூட்டிப்போனான். இரண்டு பேருக்கும் பொதுவான பிரெஞ்சு ஒரு கைப்பிடி தேறாது. அது போதுமாயிருந்தது.

வில்லின் இரண்டு முனையிலும் கப்பி இருக்கும். அம்பு பாரமானது, இறகில்லை, முனையில் திரும்பிய முள். அம்பின் பின்பக்கத்தில் தடித்த நூல். அந்த நூல் வில்லில் பூட்டிய ஒரு போத்தலுக்குள் சுருண்டு கிடக்கும். எய்தால் நூலும் கூடப் பறக்கும், மீனை இழுத்து எடுக்கலாம். இதெல்லாம் ஒரு நாளில் விளங்கிவிட்டது. விளங்காதது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மீன் இல்லை. தண்ணீர் அதை மேலே தூக்கிக் காட்டும். மீனுக்குக் கீழே, வெறும் தண்ணீரைப் பார்த்து எய்யவேண்டும். வலன்ரைன் அந்தப் பருவம் முழுக்க மீனைப் பார்த்தே எய்து, மீனின் முதுகுக்கு மேலால் அம்பை விட்டுக்கொண்டிருந்தார். "கீழே, இன்னும் கீழே!" என்று ரேயால் கத்துவான். அடுத்த வருடம் கை பிடிபட்டது. அதற்கடுத்த வருடம் ரேயால் வேலையை விட்டு வடக்கே அபித்திபிக்குப் போனான். போகும்போது பழைய வில்லைக் கொடுத்துவிட்டுப் போனான்.

எய்த மீனைக் கரையில் எறிந்துவிட்டு வரச் சட்டம் விடாது. ரேயால் தன்னுடைய தக்காளிச் செடிகளுக்கு அடியில் புதைப்பான். பேஸ்மென்றில் இருக்கிறவருக்குத் தக்காளி ஏது? முதல் மீனை ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டு கார் ஓடி வரும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இது கடையில் வாங்கியதில்லை! டொலார்டுக்கு இறங்குகிற எக்சிற்றில் காரைத் திருப்பினார்.

கௌரி மீனைப் பார்த்து, "அய்யோ, எவ்வளவு பெரிசு!" என்றாள். விமலநாதன் சத்தமாகச் சிரித்து, ஐஸ்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கடல்மீன் தின்று வளர்ந்த எங்கள் ஆட்களுக்குக் குளத்து மீன் என்றாலே முகம் சுளியும். அதிலும் இது சேற்று மணம், உடம்பெல்லாம் கவர்விட்ட முள். கௌரி தேசிக்காய்ப் புளியிலும் மஞ்சளிலும் ஊறவைத்து, அவித்து, முள்ளைக் கிள்ளியெடுத்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட் பொரித்தாள். ஒரு தட்டில் வட்டமாக, ஒரு தட்டில் நீளமாக. வட்டத்தை இவருக்கு முன்னால் வைத்தாள். நீளத்தை விமலநாதன் பக்கம் வைத்தாள். வடிவுக்காகச் செய்கிறாள் என்று வலன்ரைன் நினைத்தார். அன்று மத்தியானம் தொடங்கிய கதை, பின்வளவில் வெயில் சரியும்வரை போனது.

அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மே மாதக் கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதிவரை, மீன் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வலன்ரைன் டொலார்டுக்குப் போவார். மீன் கிடைக்காத ஞாயிறுகளில் போகமாட்டார். போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கமெல்லாம் எங்கள் ஆட்களிடம் இல்லை, நேரே போய் மணியை அடிப்பதுதான். கதவைத் திறக்கிற ஆர்த்திகா உள்ளே பார்த்து, "அப்பா, வலன்ரைன் மாமா, வித் ஃபிஷ்!" என்று கத்துவாள். விமலநாதன் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் அதைப் போட்டுவிட்டு வருவார். மேசையில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. அந்தக் கதிரைக்கு மீனைக் கொடுத்துத்தான் இருக்கிறோம் என்று வலன்ரைன் மனதார நம்பினார். பஸ்ஸில் ஏறினால் ரிக்கற் எடுக்கிறோமே, அப்படி.

ஆகவே மீன் ஆழத்துக்குப் போன பிறகு ரிக்கற் இல்லை, பனிக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒக்ரோபரிலிருந்து ஆறு கறுத்து, பிறகு வெளுத்து, இறுகிக் கிடக்கும். வலன்ரைன் பேஸ்மென்ற் ஜன்னலால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலைப் பனி மூடினால் அதுவும் இல்லை. நத்தாருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல விமலநாதன் போன் எடுப்பார். இரண்டு நிமிடம். போனில் இரண்டு பேருக்கும் கதை வராது, "சுகமோ?" "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மற்றவர் வைக்கட்டும் என்று நிற்பார்கள். விமலநாதனிடம் சொல்லவேண்டியவற்றை வலன்ரைன் மனதுக்குள் சேர்த்து வைப்பார். பக்கத்து அறைச் சிலி நாட்டுக்காரன் கிளி வளர்க்கத் தொடங்கியது. மெற்றோவில் ஒரு கிழவி இவரை யாரோ என்று நினைத்துக் கட்டிப்பிடித்து அழுதது. இரண்டாயிரத்து ஏழில் ஒரு பாரமான விஷயமும் சேர்ந்தது: தொழிற்சாலையை மூடிவிட்டு வேலையைச் சீனாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கதை. இந்த வயதில் இனி எங்கே போவது? அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். விமலநாதன் "பேந்து?" என்று கேட்டால் போதும், நெஞ்சுப் பாரம் பாதி குறையும்.

அந்த வருடம் குளிர் விட்டுப் போக மனமில்லாமல் நின்றது. யூன் தொடக்கத்தில்தான் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானது. அந்த ஞாயிறு காலை வலன்ரைன் ரப்பர்க் காற்சட்டையைக் கொழுவிக்கொண்டு புல்லுக்குள் இறங்கியபோது, தண்ணீர் முழுக்கச் சளப்புச் சத்தம். கார்ப்கள் வந்துவிட்டன. புல்லை உலுப்பிக்கொண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, முதுகு வெளியே தெரியப் புரண்டன. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் நின்றார். கூட்டமாக நிற்கும்போது எய்யக்கூடாது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று குறுக்கே வரும். தனியே விலகி வருகிற ஒன்றுக்காக நிற்கவேண்டும். கால் விறைத்தது. நுளம்பு காதில் பாடியது.

ஒன்று விலகி வந்தது. அப்படியொரு மீனை அவர் அதுவரை கண்டதில்லை. தங்கமும் செம்புமாக, ஒரு குழந்தைப்பிள்ளையின் நீளம். நாணை இழுத்தார். கப்பி உருண்டு பாரத்தை வாங்கிக்கொண்டது. மீனின் வயிற்றுக்கு ஒரு சாண் கீழே, வெறும் சேற்றைப் பார்த்து விட்டார். போத்தலுக்குள்ளிருந்து நூல் சீறிக்கொண்டு போனது. தண்ணீர் கலங்கி வெடித்தது. மீன் ஆழத்துக்கு ஓட, இவர் கையுறையில் நூலைச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய, ஒருமுறை முழங்கால் மடங்கிச் சேற்றில் இருந்தே விட்டார். தொப்பி மிதந்து போனது. கடைசியில் இரண்டு கையாலும் செவுளுக்குள் பிடித்துக் கரைக்கு இழுத்து, கட்டையால் தலையில் ஓர் அடி போட்டுவிட்டு, பக்கத்தில் தொப்பென்று விழுந்து கிடந்தார்.

"விமல்! இது பெரிசடாப்பா!" என்று உரக்கச் சொன்னார்.

எட்டத்தில் நின்ற ஒரு கொக்கு மட்டும் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு பெரிய சந்தோஷம் வந்தாலும் அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அது கொஞ்ச நேரத்தில் கனக்கத் தொடங்கிவிடும். அவருக்கு ஆள் இருந்தார். அதுதான் அன்று அவருக்கு இருந்த ஆறுதல்.

மீனைக் கழுவி ஐஸ்பெட்டியில் வளைத்து வைத்து, வேறு சேர்ட் மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு வெளிக்கிட்டார். மொன்றியல் தீவுக்குள் நுழைந்து, கர்க்லாண்டைத் தாண்டும்வரை காருக்குள் கதையை ஒத்திகை பார்த்தபடி வந்தார். தொப்பி மிதந்து போனதை எங்கே சொல்வது? முன்னுக்கே சொன்னால் ருசி கெட்டுவிடும். தொழிற்சாலை விஷயத்தைக் கடைசியில், தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லலாம்.

விமலநாதன் வீட்டுத் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ரொறன்ரோ இலக்கத் தகடுகளும் தெரிந்தன. வாசற்படியில் செருப்பும் சப்பாத்துமாகக் குவிந்து கிடந்தன. ஏதோ விசேஷம் என்று வலன்ரைனுக்கு விளங்கியது. ஆர்த்திகா பெரியபிள்ளையாகியிருப்பாள், சாமத்தியச் சடங்காக்கும். எனக்குச் சொல்லவில்லையே என்று சுருக்கென்றது. பிறகு, சொல்லாவிட்டால் என்ன, மீனோடுதானே வந்திருக்கிறேன் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜ் பக்கமாகப் போனார்.

கராஜுக்குள் காஸ் அடுப்பில் பெரிய சட்டிகள் கொதித்தன. ஆண்கள் நாலைந்து பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அகப்பையோடு நின்ற ஒரு பருத்த மனிதர் திரும்பிப் பார்த்தார். கௌரியின் தமையன் கணேசலிங்கம், ரொறன்ரோவிலிருந்து வந்தவர். வலன்ரைன் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"ஆரண்ணை?"

"நான் வலன்ரைன். வில்லரேயில விமல் ஆக்களுக்குக் கீழ்வீட்டில இருந்தனான்."

"ஓ, வாங்கோ, வாங்கோ. செய்தி கேட்டு வந்தனீங்களோ?"

"என்ன செய்தி?"

கணேசலிங்கம் அகப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா? மச்சான் விமல் மோசம் போயிட்டாரண்ணை. போன ஞாயிறு பின்னேரம். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது. வியாழக்கிழமை எடுத்தாச்சு."

வலன்ரைன் ஐஸ்பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். பாரமாயிருந்தது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகுதான் மெல்ல மெல்ல எல்லாம் உறைத்தது. விமலநாதன் செத்து, ஊர்கூடி எரித்து, சாம்பலும் ஆகிவிட்டது. அந்த நேரமெல்லாம் இவர் காற்சட்டைகளை அமத்திக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு கிழமையாக இல்லாத மனிதனைப் பார்த்து இன்று காலை "விமல்!" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"ரெண்டு தரம் போன் அடிச்சவையாம், நீங்கள் எடுக்கேல்லையாம். பிறகு ஆராவது சொல்லியிருப்பினம் எண்டு..." என்று கணேசலிங்கம் இழுத்தார். ஆராவது சொல்லியிருப்பார்கள். அதுதான் நடந்தது. அந்த ஆராவது யாரென்று வலன்ரைனுக்கும் தெரியாது. அவருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

செத்தவீட்டுக்கு மீனோடு வந்து நிற்கிறோம் என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் பிறகு வாறன்," என்று திரும்பினார்.

"நில்லுங்கோ, அது என்ன, மீனோ?" கணேசலிங்கம் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அட! இண்டைக்கு எட்டுச் செலவெல்லே, செத்து எட்டாம் நாள் படையல். எங்கட வழக்கத்தில இண்டைக்கு மச்சம்தான் படைக்கிறது. செத்த ஆள் என்ன விருப்பமோ அதையெல்லாம் வைக்கோணும். றால், நண்டு, ஆட்டிறைச்சி எல்லாம் இருக்கு. நல்ல நேரத்திலதான் வந்திருக்கிறியள். மச்சானுக்கு நீங்கள் கொண்டாற மீன் விருப்பமெல்லோ?"

"உயிர்," என்றார் வலன்ரைன். "வருசா வருசம் கொண்டாறனான்."

பின்வளவில் குழாயடியில் பலகையும் கத்தியும் கொடுத்தார்கள். வலன்ரைன் குந்தியிருந்து செதில் உரித்தார். கண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே வழிந்து, செதில் எது விரல் எது என்று தெரியாமல் ஓடியது. துடைக்கவில்லை. ஆனாலும் அந்த அழுகைக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. சொல்லாவிட்டால் என்ன, கடைசியில் என்னுடைய மீன்தானே விமலுக்குப் போகப்போகிறது என்று நினைத்தார். சேற்று மணம் போகக் கறுத்த சதையை ஒரு சுவடும் இல்லாமல் சீவி எடுத்தார்.

படியில் நிழல் விழுந்தது. கௌரி நின்றாள். வெள்ளைச் சேலை. நெற்றி வெறுமையாயிருந்தது. வலன்ரைன் எழும்பப் பார்த்தார். அவள் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, தானும் படியில் இருந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு. எனக்கு ஒண்டும் நினைவில்லை."

"அதைப்பற்றிக் கதையாதேங்கோ பிள்ளை."

கௌரி மீனைப் பார்த்தாள். பிறகு, "அண்ணை, இதைப் படைக்கேலாது," என்றாள்.

"ஏன்? நான் வேதக்காரன் எண்டோ?"

"சீச்சீ, என்ன கதை இது?" அவள் முகத்தைத் துடைத்தாள். "அவருக்கு இந்த மீன் பிடிக்காது. ஒரு நாளும் வாயில வைச்சதில்லை. சேத்து மணம் எண்டு குமட்டும். நீளமாப் போட்ட கட்லட் கடையில வாங்கின ரின்மீனில போட்டது. அதுதான் அவர் தின்னுறது. வட்டமாப் போட்டது உங்கட மீன். அதை நீங்கள் மட்டும்தான் சாப்பிட்டனீங்கள். ஆர்த்திகாவும் தொடமாட்டாள். மிச்சத்தை வேலியடி ரோசாவுக்கு அடியில தாட்டுப்போட்டு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்குப் படைக்கிறது அவர் விரும்பினதைத்தான். இண்டைக்கும் பொய் செய்ய எனக்கு மனம் வரேல்லை அண்ணை."

வலன்ரைன் கத்தியைப் பலகையில் வைத்தார். காது சூடாகியது. இத்தனை வருடமும் தன்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கதிரை? அது வெறும் இரக்கமா?

"வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். "நான் கரைச்சல் தந்திருக்கமாட்டனே."

"சொல்லுவம் எண்டுதான் நான் நிண்டனான். இவர்தான் விடேல்லை. 'மீன் வேண்டாம் எண்டால் அந்தாள் பிறகு வராது. கடையில வாங்கவும் விடமாட்டாய், வெறுங்கையோடயும் வராது. மீனோடயே வரட்டும், பேசாமல் இரு' எண்டுவார்." கௌரிக்கு மூச்சு வாங்கியது. "இவருக்கு உங்களைவிட்டால் ஆரண்ணை இருந்தது? வேலையில காதைச் செவிடாக்கிற மெஷின். வீட்டில ஆர்த்திகா பிரெஞ்சில ஏதோ சொல்லிப்போட்டுப் போயிடுவாள். நான் கோயில், சமையல். வின்ரரில ஒவ்வொரு ஞாயிறும் அந்த முன் ஜன்னலடியில நிண்டு ஸ்னோவைத் திட்டுவார். இது எப்ப உருகி, எப்ப மீன் வந்து, எப்ப அந்தாள் வாறது எண்டு. 'நாங்கள் போய்ப் பாப்பமே' எண்டால், 'கீழறையில இருக்கக் கதிரை இல்லை, எங்களைக் கண்டால் வெக்கப்படும்' எண்டுவார்."

வலன்ரைன் எட்டி, ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பூட்டினார். அந்தப் பக்கம் டொலார்டில் ஒரு ஜன்னல், இந்தப் பக்கம் வில்லரேயில் ஒரு ஜன்னல். இரண்டு மனிதர். இடையில் அரைமணி நேரக் கார் ஓட்டம். ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்தக்கூடாது என்று இரண்டு பேரும் எத்தனை பனிக்காலத்தை மரியாதையாக வீணடித்திருக்கிறோம்! அவருக்குச் செத்தவன் மேல் கோபம் வந்தது. சொல்லியிருக்கலாமேடா, மடையா, ஒருக்கால் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று மனதுக்குள் கத்தினார்.

கராஜ் பக்கமிருந்து கணேசலிங்கம் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, இலை போடப்போறம்," என்றார். கௌரி தலையாட்டினாள். ஆனால் எழும்பவில்லை.

"போன ஞாயிறும் ஜன்னலடியில நிண்டவர்," என்றாள். "நல்ல வெயில் அண்டைக்கு. 'இண்டைக்குக் கட்டாயம் வருவார், ரின்மீன் இருக்கோ எண்டு பார்' எண்டு சொன்னவர். ரெண்டு மணிமட்டும் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகுதான் நெஞ்சு நோகுது எண்டு படுத்தவர்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. "போன ஞாயிறு நீங்கள் தண்ணிக்குப் போகேல்லையோ அண்ணை?"

போயிருந்தார். விடியவே போய் மத்தியானம்வரை நின்றார். தண்ணீர் குளிராயிருந்தது, ஒரு மீனும் வரவில்லை. வெறும் ஐஸ்பெட்டியோடு திரும்பி வந்தவர், டொலார்ட் எக்சிற் வந்ததும் காரைக் கொஞ்சம் மெதுவாக்கினார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். மீன் இல்லாமல் எந்த முகத்தோடு போவது என்று நினைத்து, நேரே ஓடிவிட்டார்.

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வலன்ரைன் தன்னுடைய செதில் ஒட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போனனான் பிள்ளை. மீன் கிடைக்கேல்லை. மத்தியானம் இந்த வழியாலதான் திரும்பிப் போனனான்."

கௌரி முன் ஜன்னல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வந்திருக்கலாமே அண்ணை," என்றாள்.